மின்திரிகைக்கு வந்த நோய்

கல்முனைக் கரையோரத்து ஊர்களிலே எருமைத் தயிரை மண்சட்டியில் வாங்கி உண்ணாத வீடு அரிது. சட்டியின் சுவர் தயிரிலுள்ள நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சிப் புறத்தே ஆவியாக விடுகின்றது. அதனாலே தயிர் இறுகுகின்றது, குளிர்ச்சியும் பெறுகின்றது. பிளாஸ்டிக்குக் கிண்ணத்தால் இவ்வேலை ஆகாது. ஆகவே, எத்தனை புதிய பாத்திரங்கள் கடைக்கு வந்தபோதிலும், சட்டி வனையும் கைக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் வேலை இருக்கின்றது.

ஆயினும், கோல் கொண்டு சுழற்றியும் காலால் உதைத்தும் தோளும் முழங்காலும் நோக வேலை செய்த காலம் மாறி வருகின்றது. இந்தியாவில் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு 2018ஆம் ஆண்டிலே குயவர்க்கு மின்திரிகை வழங்கும் திட்டமொன்றை ஆரம்பித்தது. நம் நாட்டிலும் மோட்டர் பூட்டிய திரிகைகள் வீடுகளுக்குள் வந்துவிட்டன. புதியது வாங்க வசதியில்லாதோர், பிறர் பாவித்துக் கழித்த பழைய திரிகையை வாங்குகின்றனர். பழைய இயந்திரத்தோடு அதன் பழைய நோய்களும் கூடவே வருதல் இயல்பு.

அத்தகைய நோயொன்றைப் பற்றி உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய ராத்தா ஒரு பழைய மின்திரிகையை வைத்துச் சட்டியும் பூச்சாடியும் வனைந்து விற்கிறார். வாப்பா கடற்றொழிலை விட்ட பிறகு வீட்டுச் செலவிற் பாதி அந்தத் திரிகையிலிருந்தே வருகிறதாம். சில மாதங்களாகக் காலையிலே திரிகையின் ஆளியைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து, மின்சாரம் முழுவதும் நின்றுவிடுகிறது. பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு போட்டால் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. திருத்த வந்த ஒருவர், பிளக்கினுள்ளே இருந்த மண்கம்பியைக் கழற்றி விட்டுப் போய்விட்டார். "இப்போது ட்ரிப் விழுவதில்லை. ஆனால், ஈரக் கையோடு இரும்புச் சட்டத்தைத் தொட்டால் எறும்பு கடித்தாற்போல இருக்கிறது என்று ராத்தா சொல்கிறா. இது பெரிய விஷயமா? திரிகையை விற்றுவிட வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

முதற் கேள்விக்கு முதலில் விடை கூறுவோம். இது பெரிய விஷயமே. இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்தல் வேண்டும். மண்கம்பி மீண்டும் பூட்டப்படும்வரை அத்திரிகையில் ஒரு சட்டியும் வனையலாகாது. காரணத்தை இனிச் சொல்லுகிறோம்.

காவற்காரனைக் கட்டிவைத்த கதை

வீட்டு மின்சாரத்துக்குக் காவல் இரண்டு. ஒன்று உருகி; மற்றொன்று ட்ரிப் ஸ்விட்ச். இரண்டும் ஒரே வேலையைச் செய்வன என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உருகி கம்பியைக் காப்பது. ட்ரிப் ஸ்விட்ச் உயிரைக் காப்பது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டு வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ற்று. நனைந்த கையுடைய மனித உடலின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொள்வோம். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 அம்பியர் வருகிறது. இதயத்தை நிறுத்த இது போதும். ஆனால் 5 அம்பியர் உருகி இதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. அதன் கண்ணுக்கு இது ஒரு சிறு விளக்கு எரிவதைப் போன்றது.

ட்ரிப் ஸ்விட்சோ வேறு வகையிற் கணக்குப் பார்க்கும். உயிர்க்கம்பி வழியே போன ஓட்டமும், நொதுமற்கம்பி வழியே திரும்பிய ஓட்டமும் சமமா என்று அது இடைவிடாது ஒப்பிடுகின்றது. போனதில் ஒரு பங்கு திரும்பி வரவில்லையென்றால், அது எங்கோ வழிதவறி மண்ணுக்குள் இறங்குகிறது என்பது பொருள். வீடுகளிலே பொருத்தப்படும் ட்ரிப் ஸ்விட்ச் 30 மில்லியம்பியர், அதாவது ஓர் அம்பியரில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தாலே, இமைப்பொழுதிற் சுற்றை அறுத்துவிடும்.

ஆகவே, காலைதோறும் விழுந்த ட்ரிப் ஸ்விட்ச் பழுதானதன்று. தன் கடமையைச் செய்தது. திரிகையினுள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது. அந்தக் கசிவு மண்கம்பி வழியே பூமிக்குப் போனபடியால் ஸ்விட்ச் அதைக் கண்டுபிடித்தது. மண்கம்பியைக் கழற்றியதும் கசிவு நிற்கவில்லை. அதற்குப் போக வழியில்லாமற் போயிற்று. வழியின்றிச் சட்டத்திலே தங்கி நிற்கும் அந்த மின்சாரம், ராத்தாவின் ஈரக் கையைக் கண்டதும் அதையே வழியாகக் கொள்கிறது. எறும்பு கடித்தாற்போலத் தோன்றுவது ஒன்றிரண்டு மில்லியம்பியர். சுமார் 10 மில்லியம்பியருக்குத் தசை இறுகிப் பிடித்த கை விடாது. 30 மில்லியம்பியரை எட்டினால் நல்ல ட்ரிப் ஸ்விட்ச் அப்போதும் விழும். ஆனால் அது விழுவது மின்சாரம் உடலினூடே ஓடிய பின்னரே. ஸ்விட்சே பழுதாக இருந்துவிட்டால் காவல் ஏதுமில்லை. குரைத்த நாயைக் கட்டிவைத்து, இனித் திருடன் இல்லையென்று உறங்கப் போவது போன்றதே இந்தத் திருத்தம்.

காலையில் மட்டும் ஏன்?

இக்கடிதத்தில் நோயின் பெயரும் எழுதப்பட்டே இருக்கின்றது. காலையில் விழுகிறது, வெயில் ஏறிய பின் விழுவதில்லை என்பதே அக்குறிப்பு.

கரையோர ஊர்களிலே காற்றில் எப்போதும் உப்பு உண்டு. அலை உடைந்து தெறிக்கும் நுண்டுளிகள் காற்றோடு வந்து, வீட்டினுள்ளே எல்லாப் பொருள்களின் மீதும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலமாகப் படிகின்றன. சமையலறை உப்புச் சாடியில் உப்பு கசிந்து நிற்பதை உம்மாமார் அறிவர். காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால், சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோரத்து இரவுகளிலே ஈரம் இந்த எல்லையை எளிதிற் கடந்துவிடுகிறது. பகல் வெயிலில் அதற்குக் கீழே இறங்குவதும் உண்டு.

இனி, மோட்டரின் உள்ளே பார்ப்போம். வனையும்போது தெறித்த களிநீரும், உலர்ந்த களிமண் தூளும், காற்றில் வந்த உப்பும் கூடி, கம்பிச் சுருளின் மீதும் இணைப்புகளின் மீதும் ஒரு மெல்லிய மேலாடையாகப் படிந்திருக்கின்றன. பகலில் அது காய்ந்த தூசி, மின்சாரம் கடத்தாது. இரவில் உப்பு நீரைக் குடித்து, அதுவே ஒரு கம்பி போலாகிவிடுகிறது. காலையில் ஆளியைப் போட்டதும் அந்த ஈரப் படலத்தின் வழியே மின்சாரம் இரும்புச் சட்டத்துக்குக் கசிகின்றது. வெயில் ஏறியதும் படலம் காய்கிறது, நோய் மறைகிறது. மறைந்தது தீர்ந்ததாகாது.

பட்டிப்பளை ஆற்றுநீரைத் தடுத்து 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திலே, இங்கினியாகலையில் 11 மெகாவாற்று மின்சாரம் பெறும் நிலையமும் எழுந்தது. வயலுக்கு நீரும் வீட்டுக்கு ஒளியும் தந்த அதே தண்ணீர், ஒரு துளி உப்போடு கூடினால் மோட்டருக்குப் பகையாகிவிடுகிறது.

வெயிலில் வைத்து உலர்த்தினாற் போதாதா என்று கேட்கலாம். வெயில் நீரைப் போக்கும், உப்பைப் போக்காது. அடுத்த இரவே அந்த உப்பு மறுபடியும் நீரைக் குடிக்கும். 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்து, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்தகைய வெள்ளத்தில் தோய்ந்த இயந்திரங்களுக்கு விதிக்கப்படும் சிகிச்சையே சிறிய அளவில் இதற்கும் பொருந்தும். முதலில் நன்னீராற் கழுவி உப்பைப் போக்க வேண்டும். பிறகு பல மணி நேரம் மெல்லிய சூட்டில் உலர்த்த வேண்டும். அதன் பிறகு காவலியின் தடையை அளக்க வேண்டும். தேவையாயின் சுருளுக்குப் புது வார்னிஷ் கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறலாகாது. இது மோட்டர் சுற்றும் பட்டறையில் நடக்க வேண்டிய வேலை. வீட்டு முற்றத்தில் வாளித் தண்ணீரோடு செய்வதன்று.

இடத்தைக் காணும் முறை

கசிவு மோட்டரிலேதான் என்று முடிவு செய்யுமுன், வேறிடத்தில் இல்லையென்று உறுதி செய்தல் நன்று. மண்கம்பியை மீண்டும் பூட்டிய பிறகு, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், உலர்ந்த தரையில், உலர்ந்த கையோடு, திரிகையின் உடலைத் தொடாமல், காலை வேளையிலே பின்வரும் வரிசையிற் பார்க்கலாம்.

முதலாவது, திரிகையின் பிளக்கைப் பிடுங்கி வைத்து, அதே இடத்தில் ஒரு மேசை விசிறியைப் பூட்டிப் பார்க்கவும். அப்போதும் ட்ரிப் விழுந்தால் குற்றம் திரிகையில் இல்லை. விசிறியிலோ வீட்டு இணைப்பிலோ இருக்கிறது.

இரண்டாவது, திரிகையின் ஆளியைத் திறந்து வைத்தபடியே பிளக்கைப் பூட்டவும். அப்பொழுதே விழுந்தால், பிளக்கு, நீண்ட கம்பி, ஆளி ஆகிய மூன்றில் ஒன்றை ஐயுற வேண்டும். நொதுமற்கம்பி சட்டத்தோடு உரசி நின்றாலும் இவ்வாறு நிகழும். பல ஆளிகள் உயிர்க்கம்பியை மட்டுமே அறுக்கின்றன என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவது, காற்பலகையை மிதிக்காமல் ஆளியை மட்டும் போடவும். இப்போது விழுந்தால் வேகத்தை ஆளும் பெட்டியில் ஈரம் அல்லது பழுது இருக்கலாம்.

நான்காவது, பலகையை மெல்ல மிதிக்கும்போது விழுந்தால், பெரும்பாலும் நோய் மோட்டரிலேயே. வேக ஆளுகைப் பெட்டியற்ற பழைய திரிகையில் மூன்றாம் நான்காம் படிகள் ஒன்றாகிவிடும்.

இனி மின்சாரத் தொழில் தெரிந்தவரை அழைக்கலாம். அவர் 500 வோல்ற்று மெகர் என்னும் கருவியால் காவலியின் தடையை அளப்பார். சாதாரண மீற்றரால் இது ஆகாது. அதனுள்ளிருக்கும் சிறு பற்றரியின் அழுத்தத்துக்கு அஞ்சாத காவலி, 230 வோல்ற்றுக்கு இடங்கொடுத்துவிடும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்திருந்தால் அந்த மோட்டரை ஓட்டலாகாது. மின்னணுப் பெட்டி இருந்தால், அதன் இணைப்பைக் கழற்றிய பிறகே மெகரைப் பாவிக்க வேண்டும். இல்லையேல் பெட்டி எரிந்துபோகும்.

கம்பிகளின் நிறத்திலும் கவனம் வேண்டும். பழைய கம்பிகளில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல், பச்சை மண். புதியவற்றில் கபிலம் உயிர், நீலம் நொதுமல், பச்சை மஞ்சட் கோடு மண். அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரமாயின் கறுப்பே உயிர்க்கம்பி; வெள்ளை நொதுமல். இதை அறியாமல் மாற்றிப் பூட்டினால், ஆளியை மூடியபோதும் திறந்தபோதும் உள்ளே உயிர் நிற்கும்.

பழைய திரிகையின் வேறு நோய்கள்

வேறு வாசகர்களுக்கும் பயன்படுமாறு, வழக்கமான சில குறைகளையும் சொல்லி வைக்கிறோம். எதைத் தொடுமுன்னும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குதல் விதி.

மோட்டர் இரைகிறது, திரிகை சுழலவில்லை: பிளக்கைப் பிடுங்கிய பின் பட்டியைக் கழற்றி, திரிகையையும் மோட்டரையும் தனித்தனியே கையாற் சுழற்றிப் பார்க்கவும். திரிகை இறுகி நின்றால் குண்டுப் போதிகையில், அதாவது பட்டறையில் பேரிங் என்று சொல்லும் உறுப்பில், களிநீர் புகுந்து கிரீஸ் போய்விட்டது. இரண்டும் இலகுவாகச் சுழன்றால், ஒற்றைக் கட்ட மோட்டரின் கொள்ளளவியையோ தொடக்க ஆளியையோ ஐயுறலாம். கொள்ளளவி, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் தன்னுள்ளே ஏற்றத்தை வைத்திருக்கும். அறியாத கை அதைத் தொடலாகாது.

காலையில் வலிமையாகவும் மாலையில் சோர்ந்தும் ஓடுகிறது: மாலையில் ஊரெல்லாம் விளக்கும் விசிறியும் போடும்போது, நீண்ட இணைப்பின் கோடியிலுள்ள வீட்டில் அழுத்தம் குறையக்கூடும். தூண்டல் மோட்டரின் முறுக்குவலி, அழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறுவது. 230 வோல்ற்று 180ஆகக் குறைந்தால் வலிமை நூற்றுக்கு 61 ஆகிவிடும். நம் நாட்டில் அழுத்தம் நூற்றுக்கு ஆறு கூடியோ குறைந்தோ, அதாவது சுமார் 216 முதல் 244 வோல்ற்று வரை இருக்கலாம் என்பது வரையறை. அளந்து பார்த்து, அதற்குக் கீழே இருந்தால் மின்சார அலுவலகத்துக்கு எழுதுவதே மருந்து.

வேகம் திடீரெனத் துள்ளுகிறது: காற்பலகையினுள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடையில் மண்தூள் புகுந்திருக்கும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையேல் அந்தச் சிறு உறுப்பை மாற்றினாற் போதும்.

உள்ளே பொறி பறக்கிறது: நேரோட்ட மோட்டரில் கரித்தூரிகை தேய்ந்துவிட்டது. தூரிகை விலை குறைந்தது. மாற்றாமல் ஓட்டினால் அது உரசும் செப்பு வளையம் கெட்டு, மோட்டரே வீணாகும். வளையத்தைத் தேய்க்க மென்மையான மணற்றாளே தக்கது. எமரித்தாளின் தூள் மின்சாரத்தைக் கடத்தும்.

பிற நாட்டுத் திரிகை: ஜப்பானிய இயந்திரங்கள் 100 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. நேரே நம் சுவரிற் பூட்டினால் அழுத்தம் 2.3 மடங்கு; சூடு அதன் வர்க்கமாகிய 5.3 மடங்கு. இமைப்பொழுதில் எரியும். தக்க மாற்றி இன்றியமையாதது. மேலும், 60 சுழற்சிக்கு ஏற்ற தூண்டல் மோட்டர் நம் 50 சுழற்சியில் ஆறில் ஐந்து பங்கு வேகமே கொள்ளும். மாணவர்கள் இதைக் கணக்காக்கிப் பார்க்கலாம்: நான்கு முனை மோட்டர் நம் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,440 முறை சுழலும், திரிகை 240 முறை சுழல வேண்டுமாயின் இரு கப்பிகளின் விட்டங்களும் ஒன்றுக்கு ஆறு என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும்.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

இனி மாணவரின் இரண்டாவது கேள்வி. திரிகையின் விலையிற் பெரும்பகுதி அதன் சட்டத்திலும் அச்சிலும் தட்டிலும் இருக்கிறது. அவை நேராகவும் அசைவின்றியும் இருந்தால் திரிகை இளமையோடுதான் இருக்கிறது. கம்பி, ஆளி, தூரிகை, கொள்ளளவி, பேரிங் ஆகியவை மாற்றத்தக்க உறுப்புகள். மோட்டரையும் கழுவி உலர்த்தி வார்னிஷ் இடலாம். சுருளே எரிந்திருந்தாற்கூடப் புதிதாகச் சுற்றலாம். அச்சு வளைந்து, தட்டு ஆடி, சட்டம் துருவால் அரிக்கப்பட்டிருந்தால் மட்டுமே கைவிடுவது முறை. கடிதத்திற் கண்டவாறு பகலில் குறையின்றி ஓடும் திரிகையைப் பழைய இரும்பு விலைக்கு விற்பது, காய்ச்சல் வந்த கறவை மாட்டை இறைச்சிக்குக் கொடுப்பதை ஒக்கும்.

ஆனால் ஒன்று. மண்கம்பியைக் கழற்றிய நிலையில் அதை வேறொருவருக்கு விற்கவே கூடாது. நம் வீட்டு ஆபத்தைப் பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவது வியாபாரமன்று.

பட்டறையில் நாலைந்து நாட்கள் போகலாம். அந்த நாட்களின் வருவாய் குறைவது வருத்தந்தான். எனினும், திருத்துபவரிடம் ராத்தா முன்கூட்டியே சொல்ல வேண்டியவை இரண்டு. "மோட்டரை உப்புப் போகக் கழுவி உலர்த்துங்கள்" என்பது ஒன்று. "தரும்போது மெகர் அளவை எழுதித் தாருங்கள்" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கேட்பவரிடம், மோட்டரை மாற்றவே வேண்டும் என்று எவரும் எளிதிற் சொல்லமாட்டார்.

திரிகை வீடு திரும்பிய பின் சில பழக்கங்கள் வேண்டும். தெறிநீர் வாங்கும் தொட்டியின் வடிகுழாய் அடைபடாமற் பார்க்க வேண்டும். காற்பலகையை ஈரத்தரையில் வையாது ஒரு பலகைமேல் வைக்க வேண்டும். கம்பியிலே வழியும் நீர் பிளக்கினுள்ளே புகாதவாறு, கம்பி ஒரு முறை கீழே தாழ்ந்து பிறகு மேலேறிச் சுவரை அடையவேண்டும். வேலை முடிந்ததும் களித்தூளை ஈரத்துணியாலே துடைக்க வேண்டும். காய்ந்த தூளைப் பெருக்கிப் பறக்க விட்டால், மோட்டருக்கு மட்டுமன்றி நெஞ்சுக்கும் கேடு. ஆளியைப் போடும் கையை முதலில் துடைத்துக்கொள்ள ஓர் உலர்ந்த துணி அருகிலே தொங்கட்டும்.

திரிகை இல்லாத வீட்டாரும் இதை வாசித்ததற்குப் பயனாக ஒரு காரியம் செய்யலாம். ட்ரிப் ஸ்விட்சின் முகத்திலே ஒரு சிறு சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை, வீட்டிலே பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, அதை அழுத்திப் பார்க்கவும். படீரென்று விழுந்தால் காவற்காரன் விழித்திருக்கிறான். விழாவிட்டால், அன்றே வாப்பாவிடமோ அப்பாவிடமோ சொல்லி மாற்றச் செய்தல் வேண்டும்.